ஒழுகும் வீடு, உரிமம் பெற்ற பொறியாளர்: எந்தக் கதவைத் தட்டுவது?

கடலூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் என் தொலைபேசியும் ஓயாது. கூத்தப்பாக்கத்திலிருந்து ஒருவர், வண்டிப்பாளையத்திலிருந்து ஒருவர், முதுநகரிலிருந்து பழைய மாணவி ஒருத்தி. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "டீச்சர், லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்தான் கட்டினார். இரண்டே மழையில் ரூஃப் ஒழுகுகிறது. அவருடைய லைசென்ஸை ரத்து செய்ய எங்கே மனு கொடுக்க வேண்டும்?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையை முழுதாகப் போட்டு 1,150 சதுர அடியில் நான் கட்டிய வீட்டை 2021 ஆகஸ்டில் சாவி கொடுத்தார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையிலேயே படுக்கையறைக் கூரை நனைந்தது. அடுத்த ஆண்டு சன்ஷேடு வெடித்துக் கம்பி தெரிந்தது. அதற்காக ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அலைந்தேன். எந்த இடத்தில் எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதை அலைந்துதான் கற்றேன்.

அழைப்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இது: உங்களுக்கு வீடு சரியாக வேண்டுமா, பணம் திரும்ப வேண்டுமா, கட்டியவர் தண்டிக்கப்பட வேண்டுமா? "மூன்றும்தான்" என்பார்கள். நியாயமான பதில். ஆனால் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்ட ஒருவருக்கு இந்த மூன்றையும் ஒரே இடத்தில் தரும் அமைப்பு கிடையாது. உரிமத்தைப் பறிக்கக்கூடிய அலுவலகம் ஒரு ரூபாயும் வாங்கித் தராது. பணம் வாங்கித் தரும் ஆணையம் உரிமத்தைத் தொடாது. எதை முதலில் வேண்டுகிறோம் என்று தெரியாமல் கிளம்புகிறவர்கள், தண்டனை தேடிப் போய்ப் பணத்துக்கான காலக்கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

போகக்கூடிய வழிகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் இவற்றைக் கேளுங்கள். அங்கே யாரைப் பிடிக்க முடியும்: பணம் வாங்கிய ஒப்பந்தக்காரரையா, வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளரையா, மனையோடு சேர்த்து வீடு விற்ற புரமோட்டரையா? என்ன கிடைக்கும்? எத்தனை ஆண்டுக்குள் போக வேண்டும்? கட்டணம் எவ்வளவு, கட்டணப் பட்டியலில் இல்லாத செலவு எவ்வளவு? கிடைத்த உத்தரவை நிறைவேற்ற வைக்க வழி உண்டா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தன் பெயரில் எதுவுமே இல்லாத மேஸ்திரி மீது பத்து லட்சத்துக்கு உத்தரவு வாங்கினால் அது தாளாகவே இருந்துவிடும். அவர் குடியிருக்கும் வீடும் மனையும் யார் பெயரில் இருக்கின்றன என்று வில்லங்கச் சான்று போட்டு முதலிலேயே பார்த்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. அது சொல்லும் செய்தி பெரிது.

## தட்டும் முன்: சுவரைப் பூசிவிடாதீர்கள்

கூரையில் ஈரத் திட்டைப் பார்த்தால் கை பரபரக்கும். ஆள் வைத்து மேலே ஏதாவது அடித்து, உள்ளே பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டால் சாட்சியம் அதோடு போயிற்று. என் ஒப்பந்தக்காரர் இரண்டு முறை வந்து அதைத்தான் செய்தார். "அம்மா, இது வெறும் ஹேர் கிராக், மயிரிழை விரிசல். எல்லா வீட்டிலும் வரும்" என்று சொல்லிக்கொண்டே பூசினார். நானும் தேநீர் கொடுத்து அனுப்பினேன். ஓர் ஆண்டுக்கு மேல் அப்படிக் கரைந்தது.

விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை திரும்ப எடுங்கள். விரிசல் வளர்கிறதா என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை. ஒப்பந்தப் பத்திரம், வங்கி வழியாகக் கொடுத்த பணம், கம்பிக்கும் சிமெண்டுக்கும் போட்ட பில், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், கொடுத்த தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு இப்போதாவது அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் மறுக்காமல் அனுப்பும் பதிலுக்கும் மதிப்பு உண்டு.

பிறகு, உங்கள் ஒப்பந்தக்காரரோடு தொழில் தொடர்பு இல்லாத பொறியாளர் ஒருவரின் அறிக்கை. "கட்டுமானம் தரமற்றது" என்ற ஒரு வரி போதாது; எண்கள் வேண்டும். கான்கிரீட்டின் பலத்தை மேலோட்டமாகக் காட்டும் ரீபவுண்ட் ஹேமர் சோதனை, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும் கவர் மீட்டர், துளையிட்டு எடுக்கும் கோர் சோதனை ஆகியவை அந்த எண்களைத் தரும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் கட்டுமானப் பொறியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். அத்தகைய நிறுவனத்தின் அறிக்கையை எதிர்த்தரப்பு லேசில் தள்ளிவிட முடியாது.

எண்கள் ஏன் முக்கியம் என்றால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456:2000 எண்களில்தான் பேசுகிறது. கோர் எடுத்தால் மூன்று மாதிரிகளின் சராசரி, ஒப்புக்கொண்ட பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும்; எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கடற்கரைச் சூழலுக்கு ஆட்படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல் வேண்டும், கான்கிரீட்டின் பலம் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அந்த நூல். என் சன்ஷேடில் கவர் மீட்டர் காட்டியது 12 மில்லிமீட்டர்.

கடலூரில் கட்டுபவர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று இருக்கிறது: "உப்புக் காற்று அம்மா, நாங்கள் என்ன செய்ய?" உப்புக் காற்று இருக்கிறது என்பதனால்தான் கூடுதல் மூடலும் நல்ல தண்ணீரும் கேட்கிறது விதி. மனையில் போட்ட போர்வெல்லில் உப்புத் தண்ணீர் வந்தால் அதைக் கலவைக்கு எடுக்கக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அடுத்த சமாதானம் புயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்து தென்பெண்ணை பெருகியதும் உண்மை. அந்தப் புயல்களில் பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகியதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். வாதத்தின்போது அது உதவும்.

ஒரு விதிவிலக்கு. கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது, குழந்தைகள் நடமாடுகிறார்கள் என்றால் வழக்குக்காகக் காத்திருக்கக் கூடாது. பதிவுத் தபாலில் ஒப்பந்தக்காரருக்குத் தெரிவித்து, படமும் அறிக்கையும் எடுத்தபின் சரிசெய்துவிடுங்கள். பெயர்த்தெடுத்த துண்டுகளையும் துருப்பிடித்த கம்பியையும் பத்திரப்படுத்துங்கள்.

## முதல் வழி: பேசித் தீர்ப்பது

ஒப்பந்தக்காரர் இந்த ஊரிலேயே தொழில் செய்கிறார், பெயர் கெடக் கூடாது என்று நினைக்கிறார், கடைசித் தவணை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது என்றால் இதுவே நல்ல வழி. நிறுத்தி வைத்த பணத்துக்கு இருக்கும் வலிமை எந்த உத்தரவுக்கும் கிடையாது. ஆனால் ஏன் நிறுத்தினோம் என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாக்கி வைத்தவர் என்று உங்கள் மீதே வழக்கு வரும்.

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். எந்த இடத்தில், என்ன முறையில், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார், அதை யார் மேற்பார்வையிடுவார், மீண்டும் பழுது வந்தால் எத்தனை ஆண்டுக்கு அவர் பொறுப்பு என்றெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், பலருக்கு அது தெரியவில்லை.

இதன் மறைமுக விலை காலம். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்ற வாக்கில் இரண்டு ஆண்டுகள் போய்விடும். நீங்கள் எழுதிய கடிதங்களும் அவர் தந்த வாக்குறுதிகளும் காலக்கெடுவைத் தானாக நீட்டுவதில்லை. நானாக இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் பேச மாட்டேன்.

## இரண்டாம் வழி: உரிமத்தின் மேல் புகார்

எல்லோரும் முதலில் கேட்கும் வழி இதுதான். எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் தனியார் வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் உரிமம் பெற்றாக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெயர்ப்பலகையில் "பொதுப்பணித்துறை முதல் வகுப்பு ஒப்பந்தக்காரர்" என்று இருந்தால், அது அரசு வேலைக்கான டெண்டரில் கலந்துகொள்ளும் பதிவு. உங்கள் வீட்டின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. பதிவு பெற்றிருப்பவர் யாரென்றால், வரைபடத்தில் முத்திரை குத்திய பொறியாளர். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் என்று வல்லுநர்களை வகைப்படுத்தி, அவர்களிடமிருந்து உறுதிமொழிகளையும் கேட்கிறது.

என் அனுமதிக் கோப்பை எடுத்து விரித்துப் பார்த்தபோது, முத்திரையில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர் இருந்தது. கட்டியவர் ஒருவர், கையெழுத்து இன்னொருவர். கையெழுத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு மனைப் பக்கமே எட்டிப் பார்க்காத பொறியாளர் அவர். இது என் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. என்னிடம் வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். என்னை மிகவும் வருத்தியது சன்ஷேடு வெடித்ததுகூட இல்லை, இந்த முத்திரைதான். ஒரு குடும்பம் தூங்கும் கூரைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தவர் அந்தக் கூரையைப் பார்க்கவே இல்லை.

அதனால் புகார் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தோடு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு போட்டு, உங்கள் கட்டட அனுமதிக் கோப்பின் நகலைக் கேளுங்கள். விண்ணப்பம், வரைபடம், பொறியாளர் தந்த உறுதிமொழி, அவருடைய பதிவு விவரம் எல்லாம் வேண்டும் என்று தனித்தனியே எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மேற்பார்வைக்கு அவர் கையெழுத்திட்டிருந்தால், "நான் வரைபடம் மட்டும் போட்டேன்" என்று பிறகு சொல்ல முடியாது.

புகாரை, அந்தப் பொறியாளரைப் பதிவு செய்த அமைப்பிடமே கொடுக்க வேண்டும்: உள்ளாட்சி பதிவு செய்திருந்தால் அதன் ஆணையரிடம் அல்லது செயல் அலுவலரிடம், நகர் ஊரமைப்பு இயக்ககம் பதிவு செய்திருந்தால் அங்கே. விசாரித்துப் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கலாம். முத்திரை குத்தியவர் பொறியாளராக இல்லாமல் கட்டடக்கலைஞராக இருந்தால் உங்கள் கை இன்னும் ஓங்கும். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர், தொழில் ஒழுக்கம் தவறியவரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். பொறியாளர்களுக்கு அப்படி ஒரு சட்டபூர்வ தேசிய மன்றம் இல்லாதது நமக்குப் பெரிய குறை.

இந்த வழியின் மறைமுக விலையை யாரும் சொல்வதில்லை. புகார் கொடுத்தால் அதிகாரிகள் உங்கள் வீட்டுக்கு வந்து அளப்பார்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டியிருக்கிறீர்களா, அனுமதியில் இல்லாத மாடி அறை இருக்கிறதா? நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். வரைபடத்தை மீறியவர்கள் அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்முடைய சின்ன வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று கட்டாயமில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, இணையத்தில் விண்ணப்பித்த உடனே அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் அரசுத் தரப்பில் யாரும் வந்து பார்க்காத வீட்டில், அந்த முத்திரை ஒன்றுதான் காவல். அதைக் காசுக்கு விற்பவர் மீது புகார் கொடுப்பது அடுத்து வீடு கட்டப் போகும் குடும்பத்துக்குச் செய்யும் கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பணத்துக்கான மனுவைப் பதிவு செய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

## மூன்றாம் வழி: ரெரா

புரமோட்டரிடம் அடுக்குமாடி வீடோ, மனைப்பிரிவில் கட்டி விற்ற வீடோ வாங்கியவர்களுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் மிக நல்ல வாசல். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14(3)ஆம் பிரிவு, சாவி வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைப்பாட்டிலோ பழுது தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது, தவறினால் இழப்பீடு. மற்ற எந்த வழியிலும் இவ்வளவு தெளிவான, இவ்வளவு நீண்ட பொறுப்பு இல்லை. புரமோட்டரின் பதிவையே ரத்து செய்யும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. தண்டனையும் பணமும் ஓரளவு ஒரே இடத்தில் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

ஆனால் உங்கள் சொந்த மனையில் கட்டித் தந்த ஒப்பந்தக்காரர் இதில் வரமாட்டார். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்டுக்கு, மேற்படாத மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டத்துக்குப் பதிவே தேவையில்லை. திருப்பாதிரிப்புலியூரிலும் செம்மண்டலத்திலும் எழும் சின்ன அடுக்குமாடிகள் பல இந்த அளவுக்குள் அடங்கிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவு எண் கேட்டுப் பாருங்கள்.

எல்லைப் பிரச்சினையும் உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை, புதுச்சேரி எல்லைக்குள் பாகூர்ப் பக்கம் வீடு என்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மனை புதுச்சேரியில் இருந்தால் சென்னையில் உள்ள தமிழ்நாட்டு ஆணையம் அதைக் கேட்காது. புதுச்சேரி ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

## நான்காம் வழி: நுகர்வோர் ஆணையம்

சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்து வீடு கட்டிய பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இதுதான். நான் போனதும் இங்கேதான்.

வீட்டுக் கட்டுமானம் ஒரு சேவை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பெயர் சொல்லியே கூறுகிறது. கொடுத்த பணம் 50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் கேட்கும் இழப்பீடு இங்கே கணக்கில்லை, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகைதான் கணக்கு. நான் கொடுத்தது சதுர அடிக்கு 2,100 ரூபாய் வீதம் 24,15,000. கட்டணம் 1,000 ரூபாய். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. எதிர்த்தரப்பு எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் மனு போடலாம். பாகூரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பு என்பவருக்கு இது பெரிய வசதி. ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பே" என்று எழுதியிருந்தாலும் ஆணையத்துக்குப் போகலாம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

ஒப்பந்தக்காரரோடு கையெழுத்திட்ட பொறியாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். தகவல் உரிமை மனுவில் வாங்கிய உறுதிமொழி நகல் இங்கேதான் எனக்குக் கைகொடுத்தது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நான் மனு எழுத மட்டும் உதவி வாங்கிக்கொண்டு நானே ஆஜரானேன். பொறியாளரோடு, ஆணையம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று தனி மனு போட்டேன். அந்த அறிக்கையும் என்னுடைய சோதனை அறிக்கையும் ஒத்துப்போனதும் "ஹேர் கிராக்" வாதம் நின்றுவிட்டது.

காலக்கெடு 2 ஆண்டு. பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணி, அதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். என் 2 ஆண்டு முடிய இரண்டு மாதம் இருந்தபோதுதான் நான் பதிவு செய்தேன்.

மறைமுகச் செலவு சோதனையில்தான் இருக்கிறது. எனக்கு 42,000 ரூபாய் ஆனது. வாய்தாக்களுக்குப் போய்வரும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். சட்டம் 3 மாதம், சோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்கிறது. நடைமுறையில் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பது நமக்குச் சாதகம். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் நான் மனு போட்ட பிறகுதான் என் ஒப்பந்தக்காரர் பணம் கட்டத் தொடங்கினார்.

கடை, திருமண மண்டபம், விடுதி போன்று வணிகத்துக்காகக் கட்டியவர்கள் பெரும்பாலும் இங்கே வர முடியாது. அவர்களுக்கு அடுத்த வழி.

## ஐந்தாம் வழி: உரிமையியல் நீதிமன்றம்

வணிகக் கட்டடம், 2 ஆண்டு கடந்து 3 ஆண்டு கடக்காத வழக்கு, ஒப்பந்தக்காரர் சொத்தை விற்றுவிட்டு நகரப் பார்க்கிறார் என்ற அச்சம்: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் இங்கே போங்கள். தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம் என்பது இதன் தனி பலம். நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 6 லட்சம் கேட்டால் 18,000. அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணம், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு.

## காவல் நிலையம்

பலர் முதலில் ஓடுவது இங்கே. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம். முன்பணத்தோடு மறைந்துவிட்டார், பொய்யான சோதனைச் சான்று கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் போகலாம். மோசமாகக் கட்டினார் என்பது மட்டும் என்றால் "உரிமையியல் தகராறு" என்று திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் இரண்டு மாதம் போய்விடும்.

| வழி | யார் மீது | கிடைப்பது | காலக்கெடு | எதிர்பாராத விலை |
|---|---|---|---|---|
| பேச்சு, மக்கள் நீதிமன்றம் | ஒப்பந்தக்காரர் | பழுதுபார்ப்பு | இல்லை | மற்றக் காலக்கெடுக்கள் கடந்துவிடும் |
| உரிமப் புகார் | கையெழுத்திட்ட பொறியாளர், கட்டடக்கலைஞர் | பதிவு நிறுத்தம், நீக்கம் | சீக்கிரம் கொடுப்பது நல்லது | உங்கள் வரைபட மீறல் வெளிவரும் |
| ரெரா | புரமோட்டர் | பழுதுபார்ப்பு, இழப்பீடு | சாவி வாங்கி 5 ஆண்டுக்குள் பழுதைச் சொல்ல வேண்டும் | சொந்த மனைக்கும் சிறு திட்டத்துக்கும் உதவாது |
| நுகர்வோர் ஆணையம் | ஒப்பந்தக்காரர், பொறியாளர் | இழப்பீடு, பழுதுபார்ப்புச் செலவு | 2 ஆண்டு | சோதனைச் செலவு, வாய்தா நாட்கள் |
| உரிமையியல் நீதிமன்றம் | எவர் மீதும் | இழப்பீடு, சொத்து ஜப்தி | 3 ஆண்டு | 3 சதவீதக் கட்டணம், நீண்ட காலம் |

அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் ரெராவா, நுகர்வோர் ஆணையமா என்று தயங்குகிறார்கள். இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே கோரிக்கையோடு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்கக் கூடாது. சாவி வாங்கி 2 ஆண்டு கடந்திருந்தால் ரெரா; கடக்காமல், சென்னைக்கு அலைய முடியாத முதியவர் என்றால் கடலூரிலேயே நுகர்வோர் ஆணையம்.

## என் வீட்டில் நடந்தது

கூரைக்கும் சன்ஷேடுக்குமான பழுதுபார்ப்புச் செலவு என்று 4,60,000 கேட்டேன். 3,40,000 ரூபாயும் வழக்குச் செலவும் தர உத்தரவானது. தவணையாக வந்தது. மேல் தளத்தைக் கொத்தியெடுத்துச் சரிசெய்ய அது ஏறக்குறைய போதுமானதாக இருந்தது.

நுகர்வோர் மனுவைப் பதிவு செய்த அடுத்த மாதமே முத்திரை குத்திய பொறியாளர் மீது உரிமப் புகாரும் கொடுத்திருந்தேன். கடைசித் தவணைக்கு முன் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பினார்: அந்தப் புகாரைத் திரும்பப் பெற்றால் மீதிப் பணத்தை அன்றே தந்துவிடுவார்களாம். பணம் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. தளத்தைக் கொத்திப் போட்டிருந்தோம், மழைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஓர் இரவு முழுக்க யோசித்தேன். திரும்பப் பெறவில்லை.

விசாரணைக்கு அழைத்த நாளில் நான் கோப்போடு போனபோது, வெளியே பெஞ்சில் ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் பையிலிருந்து தங்கள் வீட்டு வரைபடத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். கீழ் மூலையில் அதே முத்திரை.